நடுக்கோட்டு அக்காவின் மூன்று பாஸ்போர்ட் போட்டோக்கள்

அந்த ஸ்டுடியோவுக்குள் நுழைந்தால் முதலில் ஒரு கண்ணாடி மேசை, மேசைக்குப் பின்னால் ஓனர், ஓனருக்குப் பின்னால் ஒரு நீலத் திரை. திரையை விலக்கினால் கேமரா அறை. அதையும் தாண்டிப் போனால் மூன்றடி அகலத்தில் சந்து மாதிரி ஓர் இடம். ஒரு கம்ப்யூட்டர், ஒரு சுழல் நாற்காலி, நாற்காலியில் வீட்டிலிருந்து கொண்டுவந்து போட்ட தலையணை, கடகடவென்று சத்தம் மட்டும் போட்டுக்கொண்டு காற்றே விடாத ஒரு ஃபேன். நம்ம அக்காவின் ராஜ்ஜியம் அதுதான். இருபத்தாறு வருஷமாக அந்தச் சந்துக்குள் உட்கார்ந்துகொண்டு ஊராருடைய முகத்தையெல்லாம் நேர் பண்ணிக்கொண்டிருக்கிறாள்.

நடுக்கோட்டு அக்கா என்று பெயர் வந்ததற்குக் காரணம் உண்டு. யார் போட்டோவைத் திறந்தாலும் அவளுடைய முதல் வேலை, புருவ மத்தியிலிருந்து தாடை நுனிவரை ஒரு சிவப்புக் கோடு இழுப்பது. பிறகு கோட்டுக்கு இந்தப் பக்கம் கொஞ்சநேரம், அந்தப் பக்கம் கொஞ்சநேரம் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். சொன்னால் நம்பமாட்டீர்கள், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முகம் உள்ள ஒரு மனுஷரைக்கூட அவள் இதுவரை பார்த்தது கிடையாது. பேங்க் மேனேஜருக்கு ஒரு காது மேலே. பஸ் கண்டக்டருக்கு ஒரு புருவம் தூங்கும், இன்னொன்று சண்டைக்கு நிற்கும். ஊர்ப் பல்லையெல்லாம் வரிசைப்படுத்துகிற பல் டாக்டர் இருக்கிறாரே, அவருடைய தாடை ஒரு பக்கமாக ஒதுங்கிப் போய் உட்கார்ந்திருக்கிறது.

இதையெல்லாம் அக்கா முழுசாகத் திருத்தமாட்டாள். முழுசாகத் திருத்தினால் கடை வாசலில் சட்டை மாட்டி நிற்கிற பொம்மை மாதிரி ஆகிவிடும். ஒரு மயிரிழை காதை இறக்குவாள், ஒரு மயிரிழை புருவத்தை எழுப்புவாள், அதோடு நிறுத்திக்கொள்வாள். வந்து வாங்குகிறவர்கள் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு, "பரவாயில்லையே, நான்கூட நல்லா விழுந்திருக்கேனே!" என்று பூரித்துப் போவார்கள். எதனால் நல்லா விழுந்தோம் என்று அவர்களுக்குத் தெரியாது. இருபத்தாறு வருஷத்தில் ஒருத்தர் கண்டுபிடித்தது இல்லை. அக்காவுக்கு ஏதாவது கர்வம் உண்டென்றால் அது ஒன்றுதான்.

ஆனால் பாருங்கள், ஊரார் முகத்துக்கு மயிரிழையோடு நிற்கிற கை, தன் முகத்துக்கு மட்டும் நிற்கவே நிற்காது. அக்காவுக்கு இடது கண் கொஞ்சம் இறக்கம். வாய் வலது பக்கமாகப் போகும். சும்மா இருக்கும்போது அவ்வளவு தெரியாது, சிரித்தால் போதும், மொத்த வாயும் வலது கன்னத்துக்குக் குடிபோய்விடும். பள்ளிக்கூடத்தில் அவளைக் கோணவாய் என்றே கூப்பிட்டார்கள். அதைச் சொன்னவர்கள் எல்லாம் மறந்து, கல்யாணம் கட்டி, தலை நரைத்துப் போனார்கள். கேட்டவள் மறக்கவில்லை. கம்ப்யூட்டர் வேலை கைக்கு வந்ததும் அவள் செய்த முதல் காரியம், வீட்டு ஆல்பத்தை ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு படமாக ஸ்கேன் பண்ணி, தன் வாயை இழுத்து நடுவில் நிறுத்தியதுதான். கல்யாண போட்டோவில் தொடங்கி ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. மகளுக்கும் அதே வாய்தான் வாய்த்தது. மகளுடைய பள்ளிக்கூட போட்டோக்களும் வருஷா வருஷம் அந்தச் சந்துக்குள் போய்விட்டுத்தான் வீட்டுக்கு வந்தன.

மற்றபடி அக்காவுக்கு ஒரு குறையும் இல்லை, சும்மா சொல்லக்கூடாது. வீட்டுக்காரர் டெய்லர். வீட்டின் முன்னறைதான் அவருடைய கடை. காலையில் அக்கா சோற்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது மெஷின் ஓடிக்கொண்டிருக்கும், சாயங்காலம் திரும்பும்போதும் ஓடிக்கொண்டிருக்கும். துணித் துணுக்கை மிதித்துக்கொண்டுதான் சமையலறைக்குப் போகவேண்டும். அதற்காக அவள் திட்டுவாள், அவர் ஊசியை வாயில் கடித்துக்கொண்டு தலையாட்டுவார். முப்பது வருஷமாக இதே திட்டு, இதே தலையாட்டல். இரண்டு பேருக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

ஒரே மகள். இருபத்தேழு வயதாகியும் வீட்டில் பேர் பாப்பாதான். வேலை கிடைத்து வேறு நாட்டுக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோ காலில் வந்தாள்.

"அம்மா, அப்பாவையும் கூப்பிடு. நாங்க தேதி குறிச்சாச்சு."

கூட வேலை பார்க்கிற பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்பது ஏற்கெனவே தெரிந்த சங்கதி. பதிவு ஆபீசில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம். கூட்டம் கிடையாது, விருந்து கிடையாது.

"ரெண்டு சாட்சி வேணும். என் பக்கம் சாட்சி நீதாம்மா. நீ வந்து கையெழுத்துப் போட்டாத்தான் கல்யாணம். சரியா?"

"அப்ப நான்?" என்றார் டெய்லர்.

"நீங்க கோட்டு தைக்கணும்பா. மாப்பிள்ளைக்கு."

டெய்லருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவரிடம் பாஸ்போர்ட் இருந்தது. எப்போதோ வெளிநாட்டுத் தையல் வேலைக்குப் போகிறேன் பேர்வழி என்று எடுத்து, போகாமலே புதுப்பித்து வைத்திருந்தார். அக்காவிடம் இல்லை. கல்யாணத்துக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது. பாஸ்போர்ட்டுக்கு அது தாராளமாகப் போதும், விசா போய் இறங்கிய இடத்திலேயே கிடைக்கும் என்றார்கள்.

மறுநாளே ஓனரை விட்டு ஒரு படம் எடுக்கச் சொன்னாள். எடுத்த கையோடு சந்துக்குள் புகுந்தாள். சிவப்புக் கோட்டை இழுத்தாள். இடது கண்ணைத் தூக்கினாள். வாயை நடுவுக்குக் கொண்டுவந்தாள். வந்ததும் வந்தோம், மூக்கையும் ஒரு தட்டுத் தட்டுவோம் என்று தட்டினாள். அப்புறம் காது. முடித்துவிட்டுப் பார்த்தால், அடேயப்பா, ஸ்கிரீனில் ஒரு மகாராணி உட்கார்ந்திருந்தாள். திருத்தாத படத்தைத்தான் கொடுக்க வேண்டும் என்று படிவத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அக்காவும் படித்தாள். தன் வேலையை எவன் கண்டுபிடிக்கப் போகிறான் என்ற தைரியம்!

பாஸ்போர்ட் ஆபீசில் மூன்றாம் நம்பர் கவுண்டர். உள்ளே இருந்தவர் ஒல்லியான மனிதர். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போட்டோவைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு டிராயரைத் திறந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிற பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்றை எடுத்து, படத்தின் நட்டநடுவில் வைத்தார்.

"இது நீங்களாம்மா?"

"நானேதான்."

"எடிட் பண்ணியிருக்கு."

"சேச்சே!"

"ரெண்டு கண்ணும் ஒரே மட்டம், ரெண்டு காதும் ஒரே மட்டம். உதடு ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி இருக்கு. கடவுள் இவ்வளவு பொறுப்பா வேலை பார்க்கமாட்டாரும்மா. வேற போட்டோ எடுத்துட்டு அடுத்த செவ்வாய்க்கிழமை வாங்க."

வெளியே வந்த அக்காவுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. மானம் போனது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், எப்படிச் சொல்வது, உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். இருபத்தாறு வருஷத்தில் தன் வேலையை இவ்வளவு கவனமாகப் பார்த்த முதல் ஆள் அந்த மனிதர்தானே! வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "என்ன கண்ணுங்க அந்த ஆளுக்கு! எம்டன்!" என்று டெய்லரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். அவள் திட்டுகிறாளா பாராட்டுகிறாளா என்று டெய்லருக்குப் பிடிபடவில்லை.

அடுத்த நாள் மதியம், சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, அவளுக்கு ஒரு குறுகுறுப்பு. அப்படி என்னதான் இருக்கிறது இந்த மூஞ்சியில், பார்த்துவிடுவோம் என்று திருத்தாத படத்தைத் திறந்தாள். கோட்டோடு சரிபாதியாக வெட்டினாள். இடது பாதியைப் பிரதி எடுத்து, புரட்டி, வலது பக்கம் ஒட்டவைத்தாள். ஒரு பெண்பிள்ளை வந்தாள். வலது பாதியை எடுத்து அதே மாதிரி செய்தாள். வேறொரு பெண்பிள்ளை வந்தாள். இரண்டு பேரையும் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. ஒரே முகத்திலிருந்து பிறந்தவர்கள், ஒருத்திக்கும் ஒருத்திக்கும் சம்பந்தமே இல்லை. இரண்டையும் பிரிண்ட் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

"இது யாருன்னு சொல்லுங்க பார்க்கலாம்."

டெய்லர் மெஷினை நிறுத்திவிட்டு இடது பக்கத்துக்காரியைப் பார்த்தார். "தெரியலையே. பரீட்சை ஹால்ல பிட் அடிக்கிறவனைப் பிடிக்க வர்ற டீச்சர் மாதிரி இருக்காங்க."

"இது?"

வலது பக்கத்துக்காரியைப் பார்த்தார். "இந்தம்மா எதையோ விக்க வந்திருக்காங்க. கதவைத் திறந்துடாதே, வாங்காம போகமாட்டாங்க."

"ரெண்டும் நான்தான்."

டெய்லர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். விழுந்து விழுந்து சிரித்தார். "நல்லவேளை! இவங்க ரெண்டு பேர்ல யார்கிட்ட மாட்டியிருந்தாலும் நான் ஓடியே போயிருப்பேன்."

"சிரிக்காதீங்க. என் முகம் அவ்வளவு கோணலாங்க?"

"முகத்தை நான் எங்க அளந்தேன்? உன் தோளைக் கேளு, சொல்றேன். இடது தோள் அரை இஞ்ச் இறக்கம். முப்பது வருஷமா உன் ரவிக்கைக்கு இடது பக்கம் அரை இஞ்ச் இறக்கித்தான் வெட்டுறேன்."

"முப்பது வருஷமா சொல்லவே இல்லையே!"

"சொல்ல என்ன இருக்கு? உடம்புக்குத் தக்கபடி துணியை வெட்டணும். துணிக்குத் தக்கபடி உடம்பை வெட்ட முடியுமா?" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு மெஷினை மிதிக்கத் தொடங்கிவிட்டார்.

நல்ல பேச்சுதான். வேறு யாராக இருந்தாலும் அந்தப் பேச்சைக் கேட்டுத் திருந்தியிருப்பார்கள். நம்ம அக்காவுக்கு அது வேறு மாதிரி மண்டையில் ஏறியது. ஓஹோ, சங்கதி இதுதானா! எல்லா உடம்பும் கோணல், எல்லா முகமும் கோணல். அதனால்தான் ஸ்கேல்காரர் பிடித்துவிட்டார். கோணல் இருந்தால் நிஜம் என்று நம்பிவிடுவார். சரி, கோணலைக் கொடுத்துவிட்டால் போயிற்று!

என்ன செய்தாள் தெரியுமா? மகாராணி படத்தைத் திறந்து, இடது காதை ஒரு மயிரிழை மேலே தூக்கினாள். வலது புருவத்தைக் கொஞ்சம் இறக்கினாள். மூக்கு நுனியை லேசாகச் சாய்த்தாள். வாயை மட்டும் தொடவில்லை, அது நடுவிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். தன் சொந்தக் கோணலை எடுத்துவிட்டுப் பார்க்க லட்சணமான வேறொரு கோணலை வைத்தாள். இந்த மாதிரி ஒரு புத்தி டச்சப் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும்தான் வரும். பிறகு சாய்ந்து உட்கார்ந்து பார்த்தாள். அவளுக்கே நிஜம் போலத் தோன்றியது.

இடையில் பாப்பா இரண்டு முறை கூப்பிட்டுக் கேட்டாள். "சர்வர் வேலை செய்யலையாம்" என்று பூசி மெழுகினாள் அக்கா. பக்கத்தில் இருந்த டெய்லர் வாயில் ஊசியோடு மேலே கூரையைப் பார்த்தார்.

இரண்டாவது செவ்வாய்க்கிழமை. கவுண்டர்காரர் ஸ்கேலை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். முத்திரைக் கட்டையைக் கையில் எடுத்தார். கட்டை கீழே இறங்குகிற நேரத்தில் அவர் ஒரு தடவை தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார்.

"கொஞ்சம் நேரா நில்லுங்கம்மா."

நின்றாள்.

"போட்டோல இடது காது மேல இருக்கு. உங்களுக்கு வலது காதுதான் மேல. போட்டோல மூக்கு இந்தப் பக்கம். உங்களுக்கு அந்தப் பக்கம். போன வாரம் நடுவுல இருந்துச்சு." கட்டையைக் கீழே வைத்துவிட்டார். "யாரும்மா இதைப் பண்ணித் தர்றது? கெட்டிக்காரங்கதான். ஆனா என்கிட்ட வேணாம். மூணாவது தடவையும் இப்படி வந்தா விண்ணப்பம் ரத்து. முதல்லேருந்து போடணும், நாலு மாசம் ஆகும்."

படிவத்தின் மேல் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தார். கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருந்தது. மூன்றாம் கவுண்டரிலிருந்து வாசலுக்கு எப்படி நடந்து வந்தாள் என்று அக்காவுக்கே ஞாபகம் இல்லை.

டெய்லருக்கு எல்லாம் வரும், பொய் மட்டும் வராது. அன்று பாப்பா அப்பாவைக் கூப்பிட்டு, "என்னப்பா நடக்குது?" என்று ஒரு அதட்டல்தான் போட்டாள். மனுஷர் ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டார்.

மறுநாள் மதியம் சந்துக்குள் அக்காவின் போன் அடித்தது.

"அம்மா, உன் வாயை நேராக்குறதுக்காக என் கல்யாணத்துக்கு வராம இருக்கப் போறியா?"

"அப்படி இல்லடி பாப்பா..."

"வேற எப்படி? சொல்லு."

அக்கா சுழல் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"உனக்கு ஞாபகம் இருக்கா? எனக்கு ஒன்பது வயசு. ஸ்கூல்ல குரூப் போட்டோ குடுத்தாங்க. அப்புறம் ஒரு நாள் எல்லாப் பிள்ளைங்களும் அவங்கவங்க படத்தைக் கொண்டுவந்தாங்க. அதுல எல்லாம் நான் நானா இருந்தேன். என் படத்துல மட்டும் நான் வேற மாதிரி இருந்தேன். பக்கத்துல உட்கார்ற பொண்ணு கேட்டா, உன் வாய்க்கு என்ன ஆச்சுன்னு. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னாடி நின்னு பார்த்தேன். அப்பதான்மா தெரிஞ்சுது என் வாய் சரியில்லைன்னு. அதுக்கு முன்னாடி எனக்குத் தெரியாது. அன்னியிலேருந்து சிரிக்கிறப்பல்லாம் இந்தப் பக்கக் கன்னத்தை விரலால அமுக்கிப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்பேன். காலேஜ் வரைக்கும்."

"என்கிட்ட சொல்லவே இல்லையேடி..."

"உன்கிட்ட என்னத்தைச் சொல்ல? நீதானே திருத்தினே." பாப்பா மூக்கை உறிஞ்சினாள். "நான் சண்டை போடக் கூப்பிடலம்மா. நீ வரணும். உன் வாயோட வா. அதை விட்டுட்டு வர்றதா இருந்தா வராதே."

போனை வைத்ததும் அக்கா அழுதாள். திரைக்கு அந்தப் பக்கம் யாரோ குழந்தைக்குப் படம் எடுக்க வந்திருந்தார்கள். கிலுகிலுப்பைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். தன் பிள்ளையை யாரும் கோணவாய் என்று சொல்லிவிடக்கூடாது என்று நினைத்துத்தான் அத்தனையும் செய்தாள். கடைசியில் அதைச் சொன்னது அவள்தான், வேறு ஒருத்தரும் இல்லை. நெஞ்சு அப்படியே வெந்துபோயிற்று.

முகத்தைத் துடைத்துக்கொண்டு பழைய ஹார்ட் டிஸ்க்கை எல்லாம் இழுத்துப் போட்டாள். பாப்பாவின் ஒன்பது வயதுப் படம், திருத்தாத படம், ஒன்றாவது இருக்காதா என்று தேடினாள். ஊராருடைய படங்களுக்கெல்லாம் அசல் பத்திரமாக இருந்தது. அது ஸ்டுடியோவின் சட்டம். சொந்தப் பிள்ளையின் படத்துக்குச் சட்டம் ஏது? திருத்தியதை அசலின் மேலேயே சேமித்துவிட்டு, காகிதப் படத்தைக் கிழித்தும் போட்டிருந்தாள். ஒன்பது வயது, பத்து வயது, பன்னிரண்டு வயது, எல்லாவற்றிலும் ஒரே நேரான வாய். பாப்பாவின் அந்தச் சிரிப்பு ஒரு படத்தில்கூட இல்லை. அன்று முழுக்க அக்கா ஒரு வேலையும் செய்யவில்லை. பேங்க் மேனேஜருடைய மகனின் படம் அப்படியே கிடந்தது.

மறுநாள் காலையில் ஓனரிடம் போய் நின்றாள்.

"தம்பி, இன்னொரு படம் எடுங்க. எடுத்து நீங்களே பிரிண்ட் போட்டுடுங்க. என் மெஷினுக்கு அனுப்பாதீங்க."

"ஏன்க்கா?"

"கை அரிக்கும்."

படம் எடுத்து முடித்ததும் தெருவுக்குப் போய் நின்றுகொண்டாள். பிரிண்டர் ஓடுகிற சத்தம் கேட்டால்கூட உள்ளே ஓடிவிடுவோம் என்று சாலையைத் தாண்டி, செருப்புக் கடை வாசலில் போய் நின்றாள். கடைக்காரர் மூன்று ஜோடிச் செருப்பை எடுத்துக் காட்டிவிட்டார். ஓனர் கவரைக் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா பிரித்துப் பார்க்கவில்லை. அவள் கேட்காமலே பசை போட்டு ஒட்டிக் கொண்டுவந்திருந்தார் ஓனர். செவ்வாய்க்கிழமை வரைக்கும் கவர் டெய்லருடைய அளவு நோட்டுக்குள் இருந்தது. அக்கா எத்தனை தடவை கேட்டும் அவர் மசியவில்லை.

மூன்றாவது செவ்வாய்க்கிழமை. கவுண்டர்காரர் அவளைப் பார்த்ததுமே டிராயரைத் திறந்து ஸ்கேலை எடுத்து வைத்துக்கொண்டார். கவரைப் பிரித்தார். படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். ஸ்கேலைத் தொடவே இல்லை. முத்திரையைப் படாரென்று குத்தினார்.

"அவ்வளவுதானா?" என்றாள் அக்கா.

"அவ்வளவுதான். அடுத்தவங்க வாங்க."

அக்காவுக்கு நகர மனசு வரவில்லை. இத்தனை வருஷமாக மூடி மறைத்த முகத்தை ஒருத்தர் பார்த்துவிட்டு ஒன்றுமே சொல்லாமல் அடுத்தவரைக் கூப்பிட்டால் எப்படி?

"ஏங்க, கேட்கிறேன்னு தப்பா நினைக்காதீங்க. கோணலா இல்லையா இந்த முகம்?"

அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "அம்மா, நான் ஒரு நாளைக்கு இருநூறு முகம் பார்க்கிறேன். பத்தொன்பது வருஷமாச்சு. நேரான முகம் ரெண்டே ரெண்டுதான் பார்த்திருக்கேன். ஒண்ணு நீங்க முதல் வாரம் கொண்டுவந்தது. இன்னொண்ணு ஒரு விளம்பர போர்டுல." பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்துவிட்டாள். வாய் வழக்கம்போல வலது பக்கமாகப் போயிற்று, அவள் கையை வைத்து மறைக்கவில்லை. மறைக்க வேண்டும் என்ற நினைப்பே அந்த நேரத்தில் வரவில்லை.

பாஸ்போர்ட் வந்துசேர்ந்தபோது கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. டெய்லர் போனில் அளவு வாங்கித் தைத்த கோட்டை மடியில் வைத்துக்கொண்டேதான் விமானத்தில் உட்கார்ந்தார். மேலே வைக்கிறேன் என்று கேட்ட பணிப்பெண்ணிடம் கொடுக்க மறுத்துவிட்டார். அக்கா ஜன்னலோரம். காதடைத்துப் போனதைத் தவிர அவளுக்கு ஒரு சங்கடமும் இல்லை.

பதிவு ஆபீசின் வராந்தாவில் ஒரு நீள பெஞ்சு போட்டிருந்தார்கள். இவர்களுக்கு முன்னால் இன்னொரு ஜோடி உள்ளே இருந்தது. மாப்பிள்ளை கோட்டைப் போட்டுக்கொண்டு முதுகு விறைத்து நின்றான். டெய்லர் அவனைச் சுற்றிச் சுற்றி வந்து, மடிப்பை நீவிவிட்டுக்கொண்டிருந்தார். அக்காவும் பாப்பாவும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வந்த நாளிலிருந்து ஊர்ப்பட்ட பேச்சு பேசியாகிவிட்டது, போட்டோ பேச்சை மட்டும் இரண்டு பேரும் எடுக்கவில்லை.

"பாப்பா, உன்னை நான் திருத்தியிருக்கக்கூடாதுடி" என்றாள் அக்கா, பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு. "தேடிப் பார்த்தேன். ஒரு அசல்கூட இல்ல. எல்லாத்தையும் அழிச்சுட்டேன். என்னை மன்னிச்சுடு."

"அழாதம்மா, மையெல்லாம் கரையுது." பாப்பா தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டாள். "நீ நல்லது நினைச்சுத்தான் பண்ணினே, தெரியும். எனக்கு ஒரே ஒரு விஷயம்தான். சின்ன வயசுல என் ஃபிரெண்ட்ஸ் வீட்டுக்கெல்லாம் போவேன். அவங்க வீட்டு ஆல்பத்தைக் காட்டி, இவ அப்படியே அம்மா மாதிரின்னு சொல்வாங்க. நம்ம ஆல்பத்தைப் பார்த்து யாருமே அப்படிச் சொன்னதில்ல. உன்னையும் நேராக்கிட்டே, என்னையும் நேராக்கிட்டே. நம்ம ரெண்டு பேருக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி ஆயிடுச்சு. எனக்கு உன்னை மாதிரி இருக்கணும்னு அவ்வளவு ஆசையா இருந்துச்சும்மா."

அழகு போய்விடக்கூடாதே என்று பயந்து பயந்து அக்கா வெட்டி எடுத்தது, அந்தப் பிள்ளைக்கு அம்மாவிடமிருந்து வந்த சொத்து. இது ஒரு நாள்கூட அவள் புத்திக்கு எட்டவில்லையே! பாப்பாவின் கையை அவள் விடவே இல்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். பெரிய மேசை, தண்ணீர் ஜாடி, தடித்த பதிவேடு. தமிழ் தெரிந்த பதிவு அதிகாரி ஒருவர் நிமிர்ந்து பார்க்காமல் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். முதல் சாட்சி மாப்பிள்ளையின் நண்பன். பெயர், விலாசம், மாப்பிள்ளைக்கு என்ன உறவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். பாப்பா முகம் இறுகி உட்கார்ந்திருந்தாள், பயம்போல.

அந்த நேரம் பார்த்து டெய்லருக்கு அதிகாரியின் சட்டைக் கைப் பொத்தான் கண்ணில் பட்டுவிட்டது. ஒற்றை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. மனுஷருக்கு இருப்புக் கொள்ளவில்லை. எட்டிக் குனிந்து மெதுவான குரலில், "சார், அதைக் கொஞ்சம் கழட்டிக் குடுத்தீங்கன்னா ரெண்டே நிமிஷம்" என்று சொல்லிவிட்டுச் சட்டைப்பையிலிருந்து ஊசியும் நூலும் எடுத்துவிட்டார். கல்யாணத்துக்கு ஊசி நூலோடு வந்திருக்கிறார் மனுஷர்! பாப்பா பொங்கிவிட்டாள். அவளைப் பார்த்து அக்காவும் பொங்கிவிட்டாள். அடக்க அடக்கச் சிரிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். இரண்டு வாயும் ஒரே திசையில், ஒரே அளவுக்கு, வலது கன்னத்தைப் பார்த்துப் போயிருந்தன. அவரும் லேசாகச் சிரித்துக்கொண்டு படிவத்தில் குனிந்தார். இரண்டாம் சாட்சி என்ற இடத்தில் அக்காவின் பெயரைக் கேட்டார், விலாசத்தைக் கேட்டார். அடுத்த கட்டம், மணமகளுக்கு என்ன உறவு. அதைக் கேட்காமல், அவரே 'தாய்' என்று எழுதிவிட்டுப் பதிவேட்டை அக்கா பக்கம் திருப்பினார்.

பாப்பா சட்டென்று அம்மாவின் கையைப் பிடித்தாள். "அம்மா, அவர் கேட்கவே இல்ல, பார்த்தியா?"

"பார்த்தேன்டி" என்றாள் அக்கா. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.